இந்தத் தடவை கூட்டம் சாயங்காலம் 4 மணிக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

முதலில் ஒரு தப்பை ஒத்துக்கொள்கிறேன். இரண்டு வருஷமாகப் பெற்றோர் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைத்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு பேர்தான் வந்தீர்கள் என்றதும், "இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பிள்ளைகள் படிப்பில் அக்கறை இல்லை" என்று ஆசிரியர் அறையில் நானே சொல்லியிருக்கிறேன். பத்து மணி என்பது நீங்கள் ரப்பர் தோட்டத்தில் மரம் மரமாகப் போய்ச் சிரட்டையிலிருந்து பால் எடுத்துக்கொண்டிருக்கும் நேரம், அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிப் பருப்பு ஆலைக்குப் போகிற அம்மாமாருக்கு வந்தால் அன்றைய கூலியே போய்விடும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, யோசிக்கவில்லை, அவ்வளவுதான். மன்னிக்க வேண்டும்.

என்னை யோசிக்க வைத்தது ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளை. முதல் பீரியடில் தூங்குகிறாள் என்று வீட்டுக்குப் பேசப் போனேன். அவளுடைய அப்பா, "காலத்தே வாங்க டீச்சர், வெட்டுற இடத்துக்கே வாங்க, அப்பத்தான் எனக்கு நேரம்" என்றார். மறுநாள் விடியுமுன்னே போனேன். தலையில் கட்டிய லைட் வெளிச்சத்தில் ஒரு மரத்தில் கத்தி வைத்தார். பட்டையிலிருந்து காகிதம்போல மெல்லிசாக ஒரு சீவல் சுருண்டு விழுந்தது, கீறலில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, ஓடிச் சிரட்டையில் விழுந்தது. அப்பாவுக்குப் பின்னால் அந்தப் பிள்ளை சிரட்டையைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டே வந்தாள். பிறகு குளித்து, பஸ் பிடித்து, பள்ளிக்கு. அவள் தூங்காமல் என்ன செய்வாள்?

"ஏன் எப்பவும் இடப்பக்கம் மேலேயும் வலப்பக்கம் கீழேயுமா சரிச்சு வெட்டுறீங்க?" என்று கேட்டேன். "மாத்தி வெட்டினா பால் கொறையும் டீச்சர்." ஏன் குறையும் என்றதற்கு, "அது தெரியாது, எங்க அப்பா அப்படித்தான் சொல்லித் தந்தார், எனக்கென்ன அறிவியல் தெரியும், நான் வெட்டுக்காரன்லா" என்று சிரித்தார்.

அவர் சொன்னதுதான் அறிவியல். ரப்பர் பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேர் செங்குத்தாக நிற்பதில்லை, மேலே போகப் போக வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து போகின்றன. இடமிருந்து வலமாக இறக்கி வெட்டினால் கத்தி அதிகமான குழாய்களைக் குறுக்கே அறுக்கும், பால் கூடும். விடியுமுன்னே வெட்டுவதற்கும் காரணம் உண்டு. ராத்திரி இலைகள் தண்ணீரை அதிகம் வெளியே விடுவதில்லை, மரத்துக்குள் நீர் நிறைந்து அழுத்தம் கூடி நிற்கும்; வெயில் ஏற ஏற அந்த அழுத்தம் இறங்கிவிடும். புத்தகத்தில் விறைப்பழுத்தம் என்று போட்டிருக்கிறது, பிள்ளைகள் மனப்பாடம் செய்து மறந்துவிடுகிறார்கள். அந்த வாரம் அறிவியல் ஆசிரியர் பாடத்தை இங்கிருந்து தொடங்கினார். அந்தப் பிள்ளை எழுந்து நின்று, பாலில் ஆசிட் ஊற்றினால் எப்படி உறைகிறது, எவ்வளவு கூடினால் ரப்பர் ஷீட் கெட்டுப்போகும் என்று தானாகச் சொல்லிக்கொண்டே போனாள், வகுப்பே திரும்பிப் பார்த்தது. வகுப்பில் அவள் இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை.

அதனால் இந்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்குக் கூடுகிறோம். மார்க் பேச இல்லை. உங்கள் தொழிலைப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டும், அதற்குத்தான் கூப்பிடுகிறேன். வெட்டுகிறவர்கள் கத்தியும் சிரட்டையும் கொண்டு வாருங்கள். அண்டி ஆபீசில் பருப்புத் தரம் பிரிக்கும் அம்மாமார் கட்டாயம் வர வேண்டும்: 320 என்ற தரம் என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு நிற்கும், அதைத் தராசு இல்லாமல் கண்ணாலேயே பிரிக்கிறீர்களே, அந்தக் கண்ணை வைத்து ஏழாம் வகுப்புக்கு அளவையும் சராசரியும் நடத்த ஆசை. கொத்தனார் வேலை செய்கிறவர்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற டியூபைக் கொண்டு வாருங்கள்.

அப்புறம் எல்லோரும் சேர்ந்து ஒரு வேலை செய்யப் போகிறோம். நம் மாத்தூர் தொட்டிப்பாலம் எல்லோரும் பார்த்ததுதான். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 1966-இல் கட்டியது. அதில் மோட்டார் எதுவும் கிடையாது, ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீர் வெறும் சரிவில் போகிறது. கமுகுப்பாளை, வாழைப்பட்டை, கயிறு, கம்பு இவற்றை மட்டும் வைத்து ஒவ்வொரு குடும்பமும் ஒரு வாளித் தண்ணீரைச் சிந்தாமல் முற்றத்தின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். சரிவு கூடினால் சிந்தும், குறைந்தால் தேங்கும். எவ்வளவு வேண்டும் என்று அளந்து, தப்பாகி, திரும்பக் கட்டித்தான் கண்டுபிடிக்க முடியும். இஞ்சினியரிங் என்பதும் இதே வேலைதான்.

இஸ்ரோ தலைவராக இருந்த சிவன், இப்போது தலைவராக இருக்கும் நாராயணன், இரண்டு பேருமே நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்து தமிழ்வழியில் படித்தவர்கள். இருவர் படத்தையும் பள்ளியில் மாட்டியிருக்கிறோம். ஆனால் படத்தை மாட்டினால் மட்டும் பிள்ளைக்கு வழி தெரிந்துவிடாது. நடுவில் இருக்கும் படிகளை யாராவது சொல்ல வேண்டும், அதனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இஞ்சினியரிங் போன்ற படிப்புகளில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அப்படிச் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கடன் வாங்கிப் பத்தாம் வகுப்புக்குப் பிறகு தனியார் பள்ளிக்கு மாற்றினால் இது கைவிட்டுப் போகும். மாற்றுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெண்பிள்ளைக்குக் கணக்கு குரூப் எதற்கு என்று நினைப்பவர்களும் கேளுங்கள், நான் உங்கள் வீட்டுக்கே வந்து பேசுகிறேன்.

மலைமேல் காணிப் பழங்குடிக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் இந்தக் கூட்டத்துக்காக இறங்கி வர வேண்டாம், திரும்பப் போக பஸ் இருக்காது. அடுத்த வாரம் நானும் அறிவியல் ஆசிரியரும் அங்கே வருகிறோம். எந்த நாள், எந்த நேரம் என்பதை நீங்களே பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள்.

சனிக்கிழமை சாயாவும் மரச்சீனிக் கிழங்கும் உண்டு. கைக்குழந்தை இருந்தால் கூட்டிக்கொண்டு வரலாம். கையெழுத்துப் போட்டுத் தாள் எதுவும் அனுப்ப வேண்டாம், வருவதைப் பிள்ளையிடம் வாயால் சொல்லிவிட்டால் போதும். கத்தியை மட்டும் சாக்கில் நன்றாகச் சுற்றிக் கொண்டு வாருங்கள், சின்னப் பிள்ளைகள் ஓடித் திரியும் இடம்.

அன்புடன்,
தலைமையாசிரியை