மாமா மாட்டுக்கு நீச்சல் தெரியும்

அன்பு அண்ணாவுக்கு,

நல்லா இருக்கியா, அண்ணி எப்படி இருக்காங்க, அம்மா முட்டி வலிக்கு நான் குடுத்தனுப்புன தைலத்த போடுதா இல்ல அப்படியே பீரோல வச்சி பூட்டிகினு இருக்குதா. போன்ல பேசலாம்னா நீ "சரி சரி வெய்யி, கடையில ஆள் நிக்கிறாங்க"ன்னு பாதியில கட் பண்ணிடற, அதான் நைட் டியூட்டி முடிஞ்சி வந்து தூக்கம் வராம உக்காந்து டைப் பண்றேன், ஒரே மூச்சுல படிக்கலன்னாலும் பரவால்ல, கடைசி வரைக்கும் படி.

போன வாரம் நீ உன் பொண்ணு பாப்பாவ பத்தி சொன்னது மனசுல ஓடிகினே இருக்கு. பத்தாவது போறா, இனிமே வெய்ட் தூக்க அனுப்ப போறதில்ல, காலையில டியூஷன் சேத்துட்டேன்னு சொன்ன. நான் உடனே ஒன்னும் சொல்லல. சொன்னா "நீ வெளிநாட்டுல உக்காந்துகினு பேசுவ"ம்ப. அதனால மொத இங்க எங்க வீட்டுல நடக்கிறத சொல்றேன், அப்புறம் உன் கதைக்கு வரேன்.

இங்க மெல்போர்ன்ல ஜூன் ஜூலை நல்ல குளிரு. ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு கார் கண்ணாடி எல்லாம் பனி பிடிச்சி இருக்கும், அந்த நேரத்துல அரை ட்ராயர் போட்டுகினு உன் மருமவ கிரவுண்டுக்கு ரெடியா நிப்பா. ஃபூட்டின்னு ஒரு ஆட்டம், நம்ம ஃபுட்பால் இல்ல, பந்து முட்டை மாதிரி இருக்கும், கையால பிடிக்கலாம் காலால ஒதைக்கலாம், ஒரு பக்கத்துக்கு 18 பேரு, கிரவுண்டே வட்டமா இல்லாம நீட்டுவாக்குல இருக்கும். இந்த ஊர்லயே பொறந்த ஆட்டமாம், கிரிக்கெட் ஆடுறவங்க குளிர்காலத்துல சும்மா இருக்க கூடாதுன்னு 1859ல மெல்போர்ன்ல உக்காந்து ரூல் எழுதினாங்களாம். ஒவ்வொரு பக்கமும் நாலு கம்பம் நட்டிருக்கும், நடு ரெண்டுக்குள்ள போனா 6 பாயிண்ட், ஓரத்துல போனா 1 பாயிண்ட். அடிச்சது தப்பி ஓரத்துல போனாலும் ஒரு பாயிண்ட் குடுக்கிறாங்க பாரு, அது எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு.

இங்க அப்பா அம்மா சும்மா உக்காந்து பாக்க முடியாது. சீசன் ஆரம்பிக்கும் போதே ஒரு லிஸ்ட் போட்டு அனுப்பிடுவாங்க, யாரு ஆரஞ்சு நறுக்கணும், யாரு தண்ணி பாட்டில் தூக்கிகினு ஓடணும், யாரு டைம் பாக்கணும், யாரு கேண்டீன்ல சாசேஜ் சுடணும்னு. சம்பளம் எல்லாம் கெடையாது. கோச்சே யாரோ ஒரு பிள்ளையோட அப்பா தான், வார நாள்ல பிளம்பர் வேலை பாக்கிறாரு. பிள்ளைங்களோட பழகுறதால போலீஸ் ரெக்கார்ட் பாத்து ஒரு கார்டு குடுக்கிறாங்க, அது இல்லாம கோச்சா நிக்க முடியாது. அதெல்லாம் கரெக்டா பாக்கிறாங்க, நம்ம ஊர்லயும் அது இருந்தா பொண்ண பெத்தவங்களுக்கு பாதி பயம் போயிடும்.

போன ஞாயிறு என்னைய கோல் அம்பயரா நிக்க சொல்லிட்டாங்க. வெள்ளை கோட் ஒன்னு குடுத்து கையில ரெண்டு வெள்ளை கொடி. ஆஸ்பத்திரில இத்தனை வருஷம் டாக்டருங்க போடுற வெள்ளை கோட்ட பாத்துகினே இருந்தேன், எனக்கு கிடைச்சது சேத்துக்கு நடுவுல. கோல் விழுந்தா ரெண்டு கொடிய ஆட்டணும், ஓரத்துல போனா ஒரு கொடி. மொத கோல் நம்மவ டீமுக்கு விழுந்துச்சி, நான் கைய தட்ட ஆரம்பிச்சிட்டேன், கொடி ரெண்டும் கீழ கெடக்குது, எதிர் டீம் தாத்தா ஒருத்தர் "டார்லிங், ஃபிளாக்ஸ்"னு கத்துறாரு. அவ திரும்பி என்னைய ஒரு மொறை மொறைச்சா பாரு, அப்படியே நம்ம ஆயா மொறைக்கிற மாதிரி.

உன் மச்சான் மொதல்ல இதுக்கு ஒத்துக்கவே இல்ல. கிரிக்கெட்டுனா பரவால்ல, பேட்மிண்டன்னா பரவால்ல, பொம்பள பிள்ளை சேத்துல உருண்டு ஒருத்திய ஒருத்தி தள்றதெல்லாம் இன்னா ஆட்டம்னு. இங்க இருக்கிற நம்மாளுங்க நெறைய பேரு அப்படித்தான். எட்டாவதுல செலக்டிவ் ஸ்கூல் எண்ட்ரன்ஸ்னு ஒரு பரீட்சை இருக்கு, ஒன்பதாவதுக்கு அந்த ஸ்கூல்ல சேரணும்னு அஞ்சாவதுலயே கோச்சிங் அனுப்புறாங்க, பிள்ளைங்க கார் பின் சீட்ல இட்லி சாப்பிட்டுகினே ஒரு கிளாஸ்ல இருந்து இன்னொரு கிளாஸ் போகுதுங்க. பிளேன் ஏறும் போது ஊறுகாயோட இதையும் கட்டி எடுத்துகினு வந்துட்டோம். அப்புறம் எப்படி ஒத்துக்கினாருன்னா, ஒரு நாள் கோச் இவர்கிட்ட வந்து "உங்க பொண்ணு கீழ விழுந்த எதிர் டீம் பிள்ளைய தூக்கி விட்டுட்டு ஓடினா, பாத்தீங்களா"ன்னு கேட்டாரு. அன்னையில இருந்து ஆரஞ்சு நறுக்குறது அவரு தான். எட்டு துண்டா நறுக்கி விதை எடுத்து டப்பால அடுக்குறாரு, வீட்டுல ஒரு வெங்காயம் உரிச்சது கெடையாது.

சின்ன வயசு டீம்ல ஸ்கோரே எழுதலண்ணா. மேட்ச் முடிஞ்சி யாரு ஜெயிச்சான்னு நான் கேட்டதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க. பிள்ளைங்க மட்டும் விரல் விட்டு எண்ணி வச்சிருக்குங்க, அது வேற.

இந்த ஊர் இதுக்கு எவ்ளோ பைத்தியம்னா, ஃபைனல் செப்டம்பர் கடைசி சனிக்கிழமை நடக்கும், அதுக்கு மொத நாள் வெள்ளிக்கிழமை கவர்மெண்ட் லீவு, 2015ல இருந்து. பிளேயருங்க ஊர்வலம் போறத பாக்க லீவு! நவம்பர்ல மொத செவ்வாய்க்கிழமை குதிரை ரேஸுக்கு ஒரு லீவு. ஃபைனல் நடக்கிற கிரவுண்டுல 1 லட்சம் பேர் உக்காரலாம். கலர் துண்டு போட்டுகினு ஆயாங்க, கைப்பிள்ளைய தோள்ல வச்சிகினு அப்பாங்கன்னு ட்ரெயின்ல போற கூட்டத்த பாத்தா எனக்கு வைகாசி ஒன்னாந்தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுக்கு போற கூட்டம் தான் ஞாபகம் வரும்.

எல்லாம் நல்லதுன்னு சொல்ல மாட்டேன். டிவில மேட்ச் பாத்தா நடுநடுவுல சூதாட்ட விளம்பரம், பிள்ளைங்களுக்கு அந்த ஆப் பேரெல்லாம் மனப்பாடம். கோட்டுக்கு வெளிய நின்னு பதினஞ்சு வயசு அம்பயர் பையன கெட்ட வார்த்தையில திட்டின ஒரு அப்பாவ என் கண்ணால பாத்தேன். சீசனுக்கு பீஸ், ஷூ, பல்லு உடையாம வாயில மாட்டுற கார்டுன்னு காசு கரையுது, நானூறு டாலர் கிட்ட ஆயிடுது.

இன்னொன்னு, நீச்சல். இங்க பிரைமரி ஸ்கூல்லயே சொல்லி தராங்க, கணக்கு மாதிரி அதுவும் ஒரு பாடம். மூணு வருஷம் முன்னாடி இவளோட நீச்சல் குளத்துக்கு போயி நான் மட்டும் படியில உக்காந்துகினு இருந்தேன், ஒரு சின்ன பையன் வந்து "உங்களுக்கு தெரியாதா"ன்னு கேட்டான். மானம் போச்சி. பெரியவங்க கிளாஸ்ல சேந்து கத்துக்கினேன், இப்போ 25 மீட்டர் போவேன், அழகா இருக்காது ஆனா போவேன். நம்ம வீட்டு பொம்பளைங்க யாருக்காச்சும் நீச்சல் தெரியுமாண்ணா? 2021ல பாலாத்துல வெள்ளம் வந்தப்ப ஊரே பாலத்துல நின்னு வேடிக்கை பாத்துச்சே, அம்மாவும் அண்ணியும் போட்டோ அனுப்பினாங்களே, அதுல ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா மாமா மாட்டுக்கு தெரியும்.

சிரிக்காத. இப்ப தான் நான் சொல்ல வந்ததுக்கு வரேன்.

மாமா அணைக்கட்டு பக்கம் அந்த செவலைய எப்படி வளத்தாருன்னு நீயே பாத்த. காலையில பருத்திக்கொட்டை, உளுந்து, முட்டை, பேரீச்சம்பழம். வாரத்துக்கு ரெண்டு நாள் ஏரில நீச்சல், மூச்சு பிடிக்கணும்னு. ஏர்ல பூட்டினதே இல்ல. மாடு விடுற திருவிழா எந்த ஊர்ல நடந்தாலும் மினி வேன்ல ஏத்திகினு போவாரு, நீ ஸ்டாப் வாட்ச் கையில வச்சிகினு கூடவே போவ, வாடிவாசல்ல இருந்து கோடு வரைக்கும் எத்தனை செகண்டுன்னு அரை செகண்டுக்கு சண்டை போடுவ. மதுரை பக்கம் மாட்ட அணைக்கிறாங்க, நம்ம பக்கம் ஓட விட்டு டைம் பாக்கிறோம், அதுக்கு எவ்ளோ கணக்கு. 2014ல கோர்ட் தடை போட்டுச்சி, 2017ல சட்டம் வர வரைக்கும் மூணு வருஷம், மாமா செவலைய வித்தாரா? "இன்னைக்கி இல்லன்னா நாளைக்கி ஓடும், அதுவரைக்கும் ஒடம்பு கெட கூடாது"ன்னு அதே முட்டை அதே நீச்சல். யாரும் அவர "இதனால இன்னா பிரயோஜனம்"னு கேக்கல. ஜெயிச்சா ஒரு பைக், தோத்தா டீசல் செலவு.

நம்ம ஆளுங்களுக்கு விளையாட்டு தெரியாது, ஆர்வம் இல்லன்னு யாராச்சும் சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன். ஒரு ஒடம்ப எப்படி தயார் பண்ணணும், என்ன தீனி, எப்ப ரெஸ்ட், எவ்ளோ பொறுமைன்னு நம்மள விட தெரிஞ்சவன் இல்ல. அது பூரா மாட்டுக்கு போயிடுது. பாப்பா வெய்ட் தூக்கிட்டு வந்தா ரெண்டு முட்டை வேணும்னு அண்ணி கேட்டதுக்கு அம்மா "பொட்ட பிள்ளைக்கி இவ்ளோ சூடா"ன்னு சொல்லுச்சின்னு அண்ணி தான் என்கிட்ட சொன்னாங்க. (அண்ணிகிட்ட இத கேட்டு சண்டை போடாத.)

எனக்கு நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கா தெரியல. வேலூர் நேதாஜி ஸ்டேடியத்துல 800 மீட்டர், வெறுங்கால், யூனிபார்ம் பாவாடைக்கு உள்ள உன் பழைய பேண்ட்ட மடிச்சி விட்டுகினு ஓடினேன், மூணாவதா வந்தேன், ஒரு எவர்சில்வர் தட்டு குடுத்தாங்க. அடுத்த மாசம் வயசுக்கு வந்துட்டேன். யாரும் ஓடாதன்னு சொல்லல, அதுக்கப்புறம் யாரும் அத பத்தி பேசவே இல்ல, அவ்ளோ தான். ஸ்கூல்லயும் பி.டி. பீரியட கணக்கு டீச்சர் எடுத்துக்கினாங்க. அம்மா அந்த தட்டுல தான் இன்னமும் வடகம் காய வைக்குது. போன தடவை வந்தப்ப மொட்டை மாடில பாத்தேன், பின்னாடி எழுதியிருந்தது தேஞ்சி போச்சி.

பாப்பா எடுத்திருக்கிற விளையாட்டு நமக்கு அந்நியமானதா? நம்ம வேலூர் சத்துவாச்சாரி பேர சொன்னாலே பளு தூக்குறது தான். 2018ல சதீஷ் சிவலிங்கம் இங்க கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்துல 77 கிலோ பிரிவுல தூக்கினத நான் டிவில பாத்தேன், இவள மடியில வச்சிகினு. ஒரே இழுப்புல தலைக்கு மேல தூக்குற ஸ்நாட்ச்ல 144, தோள்ல நிறுத்தி அப்புறம் தூக்குற கிளீன் அண்ட் ஜெர்க்ல 173, மொத்தம் 317 கிலோ. அதுக்கு முன்ன 2014ல கிளாஸ்கோல 328. பதக்கம் குடுக்கும் போது மூணாவதா நின்னவரு இந்த ஊருக்காரரு, நான் சோபா மேல ஏறி நின்னு எங்க தெரு எங்க தெருன்னு கத்தினேன், எங்க தெரு இல்லதான், ரெண்டு தெரு தள்ளி, இருந்தாலும். அவங்க அப்பாவும் பளு தூக்கினவரு தான், உனக்கு தெரியாததா. பொம்பளைங்கன்னு பாத்தா, ஒலிம்பிக்ஸ்ல பொம்பளைங்க வெய்ட்லிஃப்டிங்க மொத மொத வச்சதே இந்த நாட்டுல தான், 2000ல சிட்னில. அதுல தான் ஆந்திராக்கார கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோவுல 240 கிலோ தூக்கி வெண்கலம் எடுத்தாங்க, இந்தியாவுல ஒரு பொம்பளை வாங்கின மொத ஒலிம்பிக் மெடல். அப்பா பேப்பர்ல அந்த போட்டோவ கட் பண்ணி உனக்கு காட்டினாரு. உனக்கு தான், எனக்கு இல்ல.

நீ சொன்ன காரணத்துக்கு வரேன். வெய்ட் தூக்கினா உயரம் வளராதுன்னு சொன்ன. நர்சா சொல்றேன், சரியான கோச் கிட்ட, வயசுக்கு தக்க எடையில, முறையா தூக்கினா வளர்ச்சி நிக்காது. கட்டையா இருக்கிறவங்களுக்கு இந்த விளையாட்டு தோதா இருக்கு, அதனால ஜெயிச்சவங்கள்ல நெறைய பேர் கட்டையா தெரியிறாங்க, தூக்கி கட்டையானவங்க இல்ல. கர்ப்பப்பை எறங்கிடும்னு அம்மா சொல்றதும் அப்படித்தான், அந்த வயசு பிள்ளைக்கு அதெல்லாம் பயம் இல்ல. அம்மா எட்டு மாச வயித்தோட ரெண்டு குடம் தண்ணி தூக்கிச்சி, அப்ப யாரும் இத சொல்லல. ஆனா முதுகு வலிக்குது முட்டி வலிக்குதுன்னு அவளே சொன்னா நிறுத்தி ரெஸ்ட் குடு, வலிய மறைச்சிட்டு தூக்க விடாத.

ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலை கிடைக்கும்னு சொல்லி உன்ன சம்மதிக்க வைக்கலாம், 3 சதவீதம் இருக்குதாம், அண்ணி அத தான் சொல்ல சொன்னாங்க. எனக்கு அப்படி சொல்ல இஷ்டம் இல்ல. அவ மெடல் வாங்காமலே போகலாம். இங்க என் பொண்ணு டீம்ல இருக்கிற ஒரு பிள்ளை கூட பெரிய ஆட்டக்காரியா வராம போகலாம், ஆனா எல்லாம் ஞாயித்துக்கிழமை காலையில எழுந்து வருதுங்க. டியூஷன் காலையிலயே இருக்கட்டும், சாயங்காலம் அஞ்சரையில இருந்து ஏழு அவளுக்கு விடு. பரீட்சைக்கு மொத ஒரு மாசம் வேணா கம்மி பண்ணு. நிறுத்தாத.

வெய்ட்லிஃப்டிங் ஷூ ஒன்னு இங்க தள்ளுபடில பாத்து வச்சிருக்கேன், அடி கெட்டியா குதிகால் தூக்கலா இருக்கும், ஆகஸ்ட்ல ஆரணிக்கார அக்கா ஒருத்தங்க ஊருக்கு வராங்க, குடுத்தனுப்பறேன். பாப்பாவ வெள்ளை பேப்பர் மேல நிக்க வச்சி பென்சில்ல கால சுத்தி வரைஞ்சி, ஸ்கேல் பக்கத்துல வச்சி போட்டோ எடுத்து வாட்ஸப்ல போடு. ரெண்டு காலையும் வரை, ஒன்னு மட்டும் வேணாம், நம்ம வீட்டுல எல்லாருக்கும் வலது கால் கொஞ்சம் பெருசு.

அன்புடன்,
தங்கச்சி