சாக்குன்னு சொல்லிட்டீங்களே சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, சினிமாலயும் டிவிலயும் உதவி இயக்குநர் ஆகணும்னு நினைக்கிறவங்களுக்கு இலவச ஆன்லைன் பயிற்சின்னு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. இலவசமா சொல்லித் தர்றது நல்ல விஷயம், அதுல எனக்கு எந்தக் கோவமும் இல்ல. ஆனா கடைசி பாராவுல ஒரு வரி எழுதியிருந்தாங்க, போனும் நெட்டும் இருந்தா போதும், இனிமே வாய்ப்பு கிடைக்கலன்னு யாரும் சாக்கு சொல்ல முடியாதுன்னு. அந்த சாக்குங்குற வார்த்தையில இருந்து ரெண்டு நாளா என்னால வெளிய வர முடியல சார். பத்தொம்பது வருஷமா உங்க பத்திரிகைய காசு குடுத்து வாங்குறவன்ற உரிமையில எழுதுறேன்.

நான் ஒம்பது வருஷம் உதவி இயக்குநரா இருந்தவன். ரெண்டு படத்துல கிளாப் அடிச்சேன், ஒரு ஷாட்ல இருந்தது அடுத்த ஷாட்லயும் அப்படியே இருக்கணும்னு குறிச்சு வெக்கிற கண்டினியூட்டி எழுதினேன், அப்புறம் சீரியலுக்குப் போய் அசோசியேட் டைரக்டர் வரைக்கும் வந்தேன். இப்ப வியாசர்பாடியில ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன்.

எங்க தெருவுல விஸ்காம் முடிச்ச ஒரு பொண்ணு, நீங்க எழுதின மாதிரியான ஒரு கோர்ஸதான் இப்ப என் கடையில உக்காந்து படிக்குது. வீட்டுல இருக்குறது அம்மாவோட ஒரே போன், தம்பியும் அதுலதான் படிக்கிறான், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி மதியத்துக்குள்ள தீந்துடும். அதனால மூணு மணிக்கு கடைக்கு வந்து லேமினேஷன் மெஷின் பக்கத்துல ஸ்டூல் போட்டு, என் வைஃபைல பாக்கும். பாடம் மொத்தமும் இங்கிலீஷ்ல, அதுவும் வெள்ளக்காரங்க பேசுற வேகத்துல. ஒரு நிமிஷம் ஓடவிடும், நிறுத்தும், பின்னாடி போகும், லாங் சைஸ் நோட்ல எழுதும். பத்து நிமிஷ பாடத்துக்கு ஒரு மணி நேரம் ஆகுது.

ஒரு நாள் என்கிட்ட, "அண்ணே, கால்ஷீட்னா நடிகருங்க குடுக்குற தேதிதானே, இதுல வேற என்னமோ ஒரு பேப்பர காட்டுறாங்களே"ன்னு கேட்டுச்சு. அந்தப் பொண்ணு கேட்டது சரி சார். அந்த வெள்ளக்காரங்க ஊர்ல கால்ஷீட்னா மறுநாள் ஷூட்டிங்குக்கு முந்தின நாளே எல்லார் கைக்கும் போற பேப்பர். யார் எத்தனை மணிக்கு வரணும், என்ன சீன், வண்டி எங்க நிறுத்தணும், பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி இருக்கு, அது வரைக்கும் அதுல இருக்கும். ஃபர்ஸ்ட் ஏடி, அதாவது முதல் உதவி இயக்குநர்னா அங்க ஷெட்யூல் போட்டு செட்டை நடத்துறவரு, செட்டுல இருக்குறவங்க பாதுகாப்பையும் அவர்தான் பாக்கணும். அது தனி உத்தியோகம், டைரக்டர் ஆகுறதுக்கான ஏணி கிடையாது. நம்ம ஊர்ல உதவி இயக்குநர்னா நாளைய டைரக்டர். கதை டிஸ்கஷன்ல உக்காரணும், டயலாக் பேப்பர் காப்பி எடுக்கணும், தமிழ் தெரியாத ஹீரோயினுக்கு கேமரா பின்னாடி நின்னு ஒவ்வொரு வரியா ப்ராம்ட் பண்ணணும், டப்பிங்ல உதடு ஒட்டலன்னா திட்டும் வாங்கணும். இதெல்லாம் எந்த ஆன்லைன் பாடத்துல வரும்?

பாதுகாப்புன்னு சொன்னதும் ஞாபகம் வருது. 2020 பிப்ரவரி 19ந்தேதி ராத்திரி, பூந்தமல்லி பக்கத்துல ஷூட்டிங்ல கிரேன் சாஞ்சு மூணு பேர் செத்தாங்க, அதுல ஒருத்தர் உதவி இயக்குநர். உங்களுக்குத் தெரியாததில்ல, நீங்களே முதல் பக்கத்துல போட்டீங்க. அந்தப் பேப்பர நான் இன்னும் வெச்சிருக்கேன். பக்கத்துல எந்த ஆஸ்பத்திரின்னு எழுதின பேப்பர் ஒண்ணு கூட என் ஒம்பது வருஷத்துல என் கைக்கு வந்ததில்ல.

சாக்குன்னீங்களே, என்னோடத கேளுங்க. முதல் முதலா சாலிகிராமத்துல ஒரு ஆபீஸ்ல கதை சொல்லப் போனேன். எந்த ஏரியான்னு கேட்டாங்க, வியாசர்பாடின்னேன். கதையே கேக்கல. "அப்ப ரவுடிங்க பேசுற டயலாக்க நீ எழுதிக் குடுத்துடு, அந்த பாஷை கரெக்டா வரணும்"னாங்க. பதினோரு சீனுக்கு எழுதிக் குடுத்தேன், டைட்டில்ல என் பேர் வரல. எங்கப்பா பி அண்ட் சி துணி மில்லுல, 1996ல அது மூடுற வரைக்கும் வேலை பாத்தவரு. ஷிப்ட் முடிச்சு வந்து என்னைய பேப்பர் படிச்சுக் காட்டச் சொல்லி கேப்பாரு. எங்க வீட்டுல யாரும் அந்த பாஷையில பேசினதில்ல சார். எங்க தெருப் பசங்க விடிகாலையில எழுந்து ஃபுட்பால் ஆடப் போறாங்க, அத எவனும் எடுக்க மாட்டான், கத்தியோட ஓடுறத மட்டும் எடுப்பாங்க.

சீரியல்ல வளசரவாக்கத்துல ஷூட்டிங் முடிஞ்சு பேக்கப் ஆகும்போது ராத்திரி ரெண்டு மணி. ஆட்டோக்காரர் எங்க ஏரியா பேரக் கேட்டதும் அந்தப் பக்கம் வரமாட்டேன்னுடுவாரு. முதல் பஸ்ஸு வர்ற வரைக்கும் வடபழனில கடை வாசல்ல உக்காந்திருப்பேன், ஏழு மணிக்கு திரும்ப செட்ல நிக்கணும். மழைன்னா கணேசபுரம் சப்வேல தண்ணி நின்னுடும், சுத்திக்கிட்டு வந்து சேர்றதுக்குள்ள லேட்டு. அப்படி ஒரு மழை நாள்ல அரை மணி நேரம் லேட்டா போனதுக்குத்தான் என்னைய ஒரு யூனிட்ல இருந்து நிறுத்துனாங்க.

இன்னொரு யூனிட்ல சாப்பாட்டு மேசை சீன். பாதிய ஒரு நாளும் மீதிய எட்டு நாள் கழிச்சும் எடுத்தாங்க. மாமியாரா நடிக்கிறவங்க டம்ளர்ல காபி எவ்ளோ இருந்துச்சு, கையில எத்தன வளையல், முந்தானை எப்படி இருந்துச்சுன்னு எல்லாம் எழுதினேன், நெத்தியில ஸ்டிக்கரா குங்குமமான்னு மட்டும் எழுத மறந்துட்டேன். எடிட்ல பாத்துட்டு திரும்ப எடுத்தாங்க, அரை நாள் செலவ என் சம்பளத்துல புடிச்சாங்க. தப்பு என்னோடதுதான். ஆனா அந்தச் சம்பளமே அதுக்கு முன்னாடி நாலு மாசமா பாக்கி.

இதெல்லாம் பயிற்சி இல்லாததால வந்த பிரச்சினை இல்ல சார். கத்துக்க நாங்க என்னைக்குமே தயாராத்தான் இருந்தோம். தரமணியில எம்.ஜி.ஆர். பேர்ல அரசு திரைப்படக் கல்லூரி இருக்கு, நானும் அப்ளை பண்ணேன், சீட்டு கிடைக்கல, அதுக்கு யாரையும் குறை சொல்லல. கத்துக்கிட்டு வேலைக்குப் போனவனுக்கு மாசாமாசம் கைக்கு காசு வரலன்றதுதான் பிரச்சினை. உங்க கட்டுரையிலயே பிரிட்டன்ல ஸ்கிரீன்ஸ்கில்ஸ்னு ஒரு அமைப்பு ஆன்லைன்ல இலவசமா பாடம் வெச்சிருக்குன்னு எழுதியிருந்தாங்க. பாதியோட நிறுத்திட்டீங்களே. அங்க படமும் சீரிஸும் எடுக்குற கம்பெனிங்களே தங்க பட்ஜெட்ல ஒரு பங்க பயிற்சி நிதிக்குக் குடுக்குறாங்க. புதுசா வர்றவங்கள ட்ரெயினியா செட்டுக்கு அனுப்புறாங்க, அவங்களுக்கு சம்பளம் உண்டு. இங்க அந்தப் பொண்ணுக்கு போன மாசம் ஒரு கம்பெனில இருந்து கூப்பிட்டாங்க, ஆறு மாசம் சம்பளம் கிடையாது, சாப்பாடும் தினப்படி பேட்டாவும்தான், பிடிச்சிருந்தா அப்புறம் பாக்கலாம்னாங்க. அவங்கம்மா மூணு வீட்டுல வேலை செய்யுறாங்க. ஆறு மாசம் அந்தப் பொண்ணு எப்படி போயிட்டு வரும், ராத்திரி எப்படி வீட்டுக்கு வரும்? வேணாம்னு சொல்லிடுச்சு. அதுக்குப் பேரு சாக்கா சார்?

நான் கேக்குறது சின்ன விஷயம்தான். இந்த மாதிரி பயிற்சிங்கள பத்தி அடுத்த தடவ போடும்போது கூடவே நாலு வரி சேத்துப் போடுங்க. பாடம் எந்த மொழியில இருக்கு, போன்லயே பாக்கலாமா கம்ப்யூட்டர் வேணுமா, முடிச்சதும் தர்ற சர்டிபிகேட்ட இங்க எந்த கம்பெனி மதிக்குது, வேலைக்கு எடுத்தா முதல் மாசத்துல இருந்து சம்பளம் உண்டா. விசாரிச்சு எழுத உங்ககிட்ட நிருபருங்க இருக்காங்க, எங்ககிட்ட இல்ல. அதுக்கு இடமில்லன்னா, அந்த ஒரு வார்த்தைக்காவது அடுத்த இதழ்ல வருத்தம் தெரிவிச்சிடுங்க. அந்தப் பொண்ணும் உங்க பத்திரிகைய என் கடையிலதான் படிக்குது. அந்தப் பக்கத்த இன்னும் அது பாக்கல, நான் மடிச்சு உள்ள வெச்சிருக்கேன்.

இப்படிக்கு,
முன்னாள் உதவி இயக்குநர்,
வியாசர்பாடி, சென்னை - 39.