காதைப் பொத்திக்கொண்ட பையன்

அன்புள்ள பாப்பா,

நீ பார்க்கச் சொன்ன 'டென்' என்ற ஈரானியப் படத்தை மூன்று நாளாகப் பார்த்து முடித்தேன். மெதுவான படம் என்பதால் அல்ல. முதல் காட்சியிலேயே நிறுத்திவிட்டேன், அப்புறம் மறுநாள்தான் தொடர முடிந்தது.

டெஹ்ரான் தெருவில் ஒரு கார் போகிறது. முன் இருக்கையில் ஒரு சின்னப் பையன். 15 நிமிடத்துக்கு மேல் அவன் முகம் மட்டும்தான். ஓட்டுகிற அம்மாவின் குரல் கேட்கிறது, ஆளைக் காட்டவே இல்லை. அப்பாவை விட்டுப் பிரிந்தது, வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டது எல்லாவற்றையும் அவன் கேட்கிறான். கோர்ட்டில் அப்பாவைப் போதைக்காரன் என்று பொய் சொன்னாயே என்கிறான். இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு பெண்ணுக்கு விவாகரத்து வேண்டுமென்றால் வேறு என்ன வழி இருக்கிறது என்று அவள் விளக்குகிறாள். அவள் சொல்வது அத்தனையும் நியாயம். அவனோ காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறான்.

உனக்குப் பன்னிரண்டு வயது. ஓவியப் போட்டியில் பரிசு வாங்கிய அன்று ஆபீசில் ஆடிட் என்று நான் வரவில்லை. மாலையில் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து நீ கத்தினாயே, ஞாபகம் இருக்கிறதா? நானும் வழி முழுக்க விளக்கம்தான் சொன்னேன். உன் முகம் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பையனைப் பார்த்தபோதுதான் அன்றைக்கு உன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று முதல்முறையாக யோசித்தேன்.

அந்த அம்மாவாக வந்தவர் யார் என்று தேடிப் படித்தேன். மானியா அக்பரி. 1974-ல் டெஹ்ரானில் பிறந்தவர். நடிகையாகத் தொடங்கியவர் இல்லை, 1991-லேயே ஓவியர், அப்போது பதினேழு வயது. கண்காட்சிகள் வைத்திருக்கிறார், பிறகு ஆவணப்படங்களில் ஒளிப்பதிவு, உதவி இயக்கம். 2002-ல் இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமியின் பெயரில் 'டென்' பிரான்சின் கான் திரைப்பட விழாவில் போட்டிப் பிரிவுக்குப் போனது. காரின் முன்பக்கத்தில் சின்ன டிஜிட்டல் கேமராக்கள், பத்து உரையாடல்கள், அவ்வளவுதான். பையன் அமீன் அவருடைய சொந்தப் பிள்ளை. அது தெரிந்த பிறகு எனக்கு அதை நடிப்பு என்றே சொல்ல வரவில்லை.

அடுத்த இரண்டு வருடத்தில் அவரே இயக்குநராகிவிட்டார். '20 ஃபிங்கர்ஸ்' படத்தில் ஓர் ஆணும் பெண்ணும் கார், மோட்டார் சைக்கிள், படகு என்று போய்க்கொண்டே சண்டை போடுகிறார்கள். பொறாமை, சந்தேகம், அந்தரங்கம் என்று அங்கே திரையில் பேச விடாததை எல்லாம் பேசுகிறார்கள். 2004 வெனிஸ் விழாவில் டிஜிட்டல் சினிமா பிரிவில் விருது வாங்கியது. ஓவியத்தை விட்டுவிட்டுப் போனார் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பேரை ஒரு சட்டகத்துக்குள் வைத்துக் கண்ணை எடுக்காமல் பார்க்கிற பழக்கம் தூரிகை பிடித்தவருக்கு வருவதுதான். நீ ஆபீஸ் கம்ப்யூட்டரில் விளம்பரம் வரைகிறேன், அது ஓவியமே இல்லை என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

'டென்'னில் இன்னொரு காட்சி. காதலன் கைவிட்டுப் போன ஒரு பெண் காரில் உட்கார்ந்திருக்கிறாள். முக்காடு மெல்ல நழுவுகிறது. உள்ளே மொட்டைத் தலை. ஈரான் திரையில் பெண்ணின் கூந்தல் தெரியக்கூடாது. கூந்தலே இல்லாத தலையை என்ன செய்வார்கள்? ஓட்டுகிற அக்பரி அவளைப் பார்த்து, உனக்கு இது நன்றாக இருக்கிறது என்கிறார். சில வருடம் கழித்து அவருக்கே மார்பகப் புற்றுநோய் வந்தது. '10+4' என்று 2007-ல் அதையே படமாக எடுத்தார். நோயை ஒளித்து வைக்கவில்லை. முன்பு ஸ்டியரிங் பிடித்தவர் இப்போது அடுத்தவர் ஓட்ட உட்கார்ந்து போகிறார். உன் பெரியம்மா ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களில் கண்ணாடி இருந்த பீரோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தோமே, அது நினைவுக்கு வந்தது. அப்போது அதுதான் அன்பு என்று நினைத்தோம்.

அப்புறம் ஊரையும் விட வேண்டியதாயிற்று. அனுமதியில்லாமல் எடுத்துக்கொண்டிருந்த படத்தின் குழுவில் சிலரைக் கைது செய்ததும் அவர் லண்டனுக்குப் போய்விட்டார். அந்தப் படத்தை அங்கே முடித்து 'ஃப்ரம் டெஹ்ரான் டு லண்டன்' என்று பெயர் வைத்தார். 2014-ல் மார்க் கசின்ஸ் என்ற இயக்குநரோடு மாறி மாறிக் கடிதம் போலப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டார்கள், அதுதான் 'லைஃப் மே பி'. 2019-ல் வந்த படம் டக்ளஸ் வைட் என்ற சிற்பியோடு சேர்ந்து செய்தது. அதில் அறுவை சிகிச்சைத் தழும்பு உள்ள அதே உடம்பில் இன்னொரு பிள்ளைக்கான காத்திருப்பு.

இவ்வளவும் படித்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பையனைப் பற்றிய செய்தி வந்தது. அன்று அமீனாக இருந்தவர் இன்று அமினா மாஹெர் என்ற பெண், அவரும் இயக்குநர். 2019-ல் 'லெட்டர் டு மை மதர்' என்று ஒரு குறும்படம் எடுத்தார். சிறு வயதில் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை அம்மாவிடம் அதில் சொல்கிறார். 'டென்'னில் தனக்குத் தெரியாமலே தன்னைப் படம்பிடித்தார்கள் என்றும் பிறகு வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் காட்சிகளைத் தானே எடுத்ததாகவும், கியரோஸ்தமி தன் சம்மதமில்லாமல் படமாக்கிவிட்டதாகவும் அக்பரி சொல்கிறார்.

அதன் பிறகு முதல் காட்சியை மறுபடி போடவில்லை. உலகமே பாராட்டிய அந்தக் கோபத்துக்குள் ஒரு பிள்ளை வேறு எதையெல்லாம் அடக்கி வைத்திருந்ததோ. பக்கத்து இருக்கையில் இருந்த தாய்க்கே அது கேட்கவில்லை. அக்பரியை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் பட்டது எனக்குத் தெரியும். ஆனால் என் மனசு அந்தப் பையன் பக்கம் போய்விட்டது, அங்கேதான் இருக்கிறது.

பரிசு வாங்கிய உன் படம் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. மழையில் நனைகிற எருமை. ஓரம் கொஞ்சம் பழுப்பாகிவிட்டது, நேற்று எடுத்துத் துடைத்தேன்.

பதில் எழுதும்போது அன்றைக்கு ஸ்கூட்டரில் சொன்னதை முழுதாக எழுது. அதற்கு அப்புறம் சொல்லாமல் விட்டதையும் எழுது. போனில் வேண்டாம், போனில் நான் குறுக்கே பேசிவிடுவேன்.

அன்புடன்,
அம்மா