அண்ணாந்து பார்க்க யாராவது சொல்லித் தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு இஸ்தான்புல் போயிருந்தோம். ஹாகியா சோஃபியாவை எல்லாரும் பார்ப்பார்கள், நாங்களும் பார்த்தோம். ஆனால் மனத்தில் தங்கிவிட்டது பழைய நகர மதிலை ஒட்டியிருக்கும் கோரா தேவாலயம்தான். இப்போது அது பள்ளிவாசல், 2024 முதல் மறுபடி தொழுகை நடக்கிறது; சுவரிலும் விதானத்திலும் உள்ள மொசைக்கும் ஓவியங்களும் 1315க்கும் 1321க்கும் இடையில் செய்தவை. சின்னக் கட்டடம், பத்து நிமிடத்தில் சுற்றிவிட்டு வந்துவிடலாம். எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனதற்கு வழிகாட்டியாக வந்த அம்மாதான் காரணம்.

உள்ளே போனதும் அவர் எதுவுமே பேசவில்லை, கண் பழகட்டும் என்று நிற்க வைத்தார். அப்புறம் மெதுவாக இடமும் வலமும் நகரச் சொன்னார். நகர நகர மேலே தங்கம் மின்னுவதும் மங்குவதுமாக இருந்தது. மொசைக்கின் சின்னச் சின்னச் சில்லுகளைச் சமமாகப் பதிக்காமல் சாய்த்துச் சாய்த்துப் பதித்திருக்கிறார்களாம்.

பக்கத்து மண்டபத்தில், இயேசு ஆதாமையும் ஏவாளையும் கல்லறையிலிருந்து தூக்கும் ஓவியம். “கையைப் பிடித்திருக்கிறாரா, மணிக்கட்டையா?” என்று என் ஒன்பது வயது மகளிடம் கேட்டார். மணிக்கட்டைத்தான். கையைக் கோத்தால் இருவரும் பிடிக்க வேண்டும், மணிக்கட்டென்றால் தூக்குகிறவர் பலம் மட்டும்தான் என்று அவள் கையையே பிடித்துக் காட்டினார். இயேசுவின் காலடியில் சிதறிக் கிடந்த பூட்டையும் சாவியையும் அவளே கண்டுபிடித்தாள்! நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, கதையும் சரியாகத் தெரியாது, ஆனாலும் அந்தப் படத்தை அவள் மறக்க மாட்டாள்.

சிங்கப்பூருக்குத் திரும்பி வந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போனபோது, “அம்மா, மேலே கண்ணாடியில் யார் யாரெல்லாம் இருக்காங்க?” என்றாள். அங்கே 48 கண்ணாடி ஓவியங்கள், காலை மாலை வெயில் படும்படி அமைத்தவை. இருபது வருடமாகத் தைப்பூசத்துக்கு அந்தக் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறேன், நாலைந்து பெயருக்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை. 1827இல் தோன்றிய சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் கோபுரத்துச் சிலைகளும் அப்படித்தான். சுற்றுப்பயணிகள் நின்று படம் எடுக்கிறார்கள், நம் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போய்விடுகிறார்கள்.

கோயில் நிர்வாகத்தினரும் ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடத்துகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரம், பத்துப் பதினைந்து பிள்ளைகள், தமிழில் கதை சொல்லத் தெரிந்த ஒருவர். முழுக் கோயிலையும் காட்ட வேண்டாம், ஒரு தூணோ ஒரு சிலையோ போதும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள், வருவார்கள். தொடங்கினால் முதல் ஞாயிறே என் மகளையும் அவள் தோழிகளையும் நான் கூட்டிவருகிறேன்.

இப்படிக்கு,
வாசகி, தோ பாயோ