கடைக்கோடிக் குழாயில் சோதிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகர நீர்நிலைகளில் கழிவுநீர் கலப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஆறும் ஏரியும் கெடுவதை விரிவாக எடுத்துரைத்த கட்டுரையாளர், சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நல்ல நீராகப் புறப்படுவது வீட்டுக் குழாயை அடைவதற்குள் கெட்டுவிடுவதைத் தொடாமல் விட்டுவிட்டார்.

நாள் முழுவதும் நீர் வராத நகரங்களில், விநியோகம் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கிவிடுகிறது. குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் அருகருகே புதைக்கப்பட்ட தெருக்களில், தளர்ந்த மூட்டுகள் வழியாகவும் விரிசல்கள் வழியாகவும் அழுக்கு நீர் உள்ளே புகுந்து, மறுமுறை நீர் திறக்கும்போது முதலில் வந்து சேர்கிறது. குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தி நீரை இழுப்பது இதை மேலும் மோசமாக்குகிறது. தெளிந்த நீர்தானே என்று நம்பிவிடவும் முடியாது. காலரா, டைபாய்டு கிருமிகள் நீரின் நிறத்தையோ மணத்தையோ மாற்றுவதில்லை.

குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு ஒரு ஈ.கோலை பாக்டீரியாகூட இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஈ.கோலையில் பெரும்பாலான வகைகள் தீங்கற்றவைதாம் என்றாலும், குடலில் வாழும் அது நீரில் காணப்பட்டால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். ஆனால் ஆய்வகத்தில் அதை வளர்த்துக் கண்டறியப் பொதுவாக ஒரு நாள் ஆகிவிடும். அதற்குள் அந்த நீரைக் குடித்து முடித்திருப்போம். கிருமிகளைக் கொல்ல நீரில் சேர்த்த குளோரினில் இன்னும் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று பார்க்கும் சோதனையோ சில நிமிட வேலை: சிறு குப்பியில் பிடித்த நீரில் ஒரு மாத்திரையைக் கரைத்தால், குளோரின் இருக்கும் அளவுக்கு ஏற்ப இளஞ்சிவப்பு ஏறும். கடைக்கோடிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். நிறமே ஏறாத குப்பி, அத்தெருவை உடனே கவனிக்கச் சொல்லும் எச்சரிக்கை.

சோதித்தால் மட்டும் போதாது, முடிவை மறைக்கவும் கூடாது. கனடாவின் வாக்கர்டன் என்னும் சிறு நகரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் பெய்த கனமழையில் மாட்டுச் சாணம் ஆழமில்லாத கிணறு ஒன்றில் கலந்தது. போதிய குளோரின் சேர்க்காத ஊழியர்கள், அளந்ததாகப் பொய்யான அளவுகளைப் பதிவேட்டில் எழுதிவந்திருந்தனர். நீர் மாசுபட்டதாக ஆய்வகம் தெரிவித்த பின்னரும் நிர்வாகம் அதைச் சுகாதாரத் துறையினரிடம் சொல்லவில்லை. 7 பேர் இறந்தனர். 2,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். வசதிகள் நிறைந்த ஒரு நாட்டிலேயே இது நடந்தது என்பதுதான் என்னை மிகவும் கலங்கச் செய்கிறது.

ஆகவே, ஒவ்வொரு பகுதியிலும் நீர் கடைசியாகச் சென்றடையும் தெருக்களில் நாள்தோறும் குளோரினை அளந்து, ஈ.கோலை சோதனையின் முடிவுகளையும் சேர்த்து, தெருப் பெயருடன் அன்றன்றே வெளியிட வேண்டுமெனக் குடிநீர் வழங்கும் அமைப்புகளைக் கேட்டுக்கொள்கிறேன். நாள்தோறும் வெப்பநிலையை அச்சிடும் தங்கள் நாளிதழ், அந்த அளவுகளையும் கேட்டுப் பெற்று அதே பக்கத்தில் வெளியிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்