பெல்லா இருப்பது கிரீஸில்

ஆசிரியருக்கு,

உங்கள் ஞாயிறு இணைப்பின் வரைபடத்தில் அலெக்சாண்டர் பிறந்த பெல்லாவை வடக்கு மாசிடோனியாவில் குறித்திருக்கிறீர்கள். புவியியல் வாத்தியாராக இருந்தவன், பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பெல்லா கிரீஸில், தெசலோனிக்கி நகருக்கு வடமேற்கே இருக்கிறது. 2018-இல் பெயர்ச் சிக்கலைத் தீர்க்க கிரீஸுடன் பிரெஸ்பா ஒப்பந்தம் போட்டு, அடுத்த ஆண்டு ‘வடக்கு’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்ட நாடு வேறு.

கிரீஸுக்குள்ளும் மாசிடோனியா என்ற பகுதி உண்டு, பெல்லா இருப்பது அதில்தான். இந்தக் கிரேக்க மாசிடோனியா வரலாற்றில் ஒரே பகுதி, நிர்வாகத்தில் மூன்று. மேற்குக்குத் தலைநகர் கொசானி. மத்தியப் பகுதிக்கு தெசலோனிக்கி. சரி, கிழக்கு? அதைப் பக்கத்துப் பகுதியான திரேஸுடன் இணைத்து, தலைநகரைத் திரேஸிலுள்ள கொமொட்டினியில் வைத்துவிட்டார்கள். கிழக்கு மாசிடோனியாவிலேயே கவாலா மாதிரி பெரிய துறைமுக நகரம் இருக்க, இந்த ஏற்பாடு எனக்கு விசித்திரமாகத்தான் படுகிறது.

இன்னும் விசித்திரம் ஆதோஸ் மலை. மாசிடோனியாவின் கால்கிடிகி தீபகற்பத்தில் இருந்தாலும் இந்த மூன்றிலும் அது சேராது. அங்குள்ள 20 கிறிஸ்தவத் துறவி மடங்களின் பிரதிநிதிகள் காரியேஸ் என்ற ஊரில் கூடி ஆள்கிறார்கள். அரசின் ஆளுநரும் அங்கே உண்டு, ஆனால் வெளியுறவு அமைச்சகத்தின் கீழ்! பெண்களுக்கு அனுமதி இல்லை.

திருத்திய வரைபடத்தை வெளியிடும்போது ஆதோஸுக்குத் தனி நிறம் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கும்பகோணம்