மழையை அளந்து வைத்தவர்களுக்கு

மூணாறு, மறையூர், காந்தளூர், வட்டவடை வட்டாரத்துப் பெரியவர்கள், அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் தாலுகாவின் மழை, வெப்பநிலைப் பதிவுகளைத் தொகுக்கும் என் ஆய்வு முடிந்துவிட்டது. ஆய்வேட்டின் முன்பக்கத்தில் நன்றி சொல்ல அரைப் பக்கம் உண்டு. அதில் உங்களை அடக்க எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலத்தில் அச்சாகும் அந்த ஏடு உங்களில் பலர் கைக்கு வந்து சேரவும் போவதில்லை. ஆகவேதான் இந்த மடல்.

முதலில் தேயிலைத் தோட்டத்து எழுத்தர்கள். அடைமழையில் ஒரு கையில் குடை, மறு கையில் அளவுக் குவளை. மழைமானியின் மூடியைக் கழற்றி, உள்ளே சேர்ந்த நீரைக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து எழுதியவர்கள் நீங்கள். அதற்கென்று தனியாக ஒரு காசு கிடையாது. பழைய ஏடுகளில் மழை அங்குலத்திலும் செண்டிலும் இருக்கிறது. நூறு செண்ட் ஓர் அங்குலம், ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அந்தக் கணக்கைக் கணினி நொடியில் போட்டுவிடும். அதற்குத் தெரியாதவற்றை நீங்கள்தான் சொல்லித் தந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் காலியாக இருக்கும், திங்கட்கிழமை எண் பெரிதாக இருக்கும். அதை அப்படியே ஏற்றினால், திங்கள்தோறும் பேய்மழை கொட்டும் அதிசய ஊராக மூணாறு ஆகிவிடும். ஞாயிறு விடுமுறை, இரண்டு நாள் மழையும் சேர்த்தே அளக்கப்பட்டது என்று ஓய்வுபெற்ற எழுத்தர் ஐயா ஒருவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு அளக்கிறது. தோட்டத்தில் மஸ்டர், அதாவது காலையில் தொழிலாளர் வருகைக் கணக்கு, எடுக்கும் நேரத்திலேயே அளந்துவிடுவார்கள் என்பதும், தோட்டத்தின் சில டிவிஷன்களில் (பிரிவுகளில்) காலையில் அளந்த மழையை முந்தைய நாள் கணக்கில் எழுதும் வழக்கம் இருந்தது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

எண்களைவிட எனக்குப் பிடித்தது ஏட்டின் கடைசிப் பத்தி. குறிப்பு எழுதும் இடம் அது. பல பக்கங்களில் அது வெறுமையாகவே இருக்கும். ஆடி மாதத்துப் பக்கம் ஒன்றில், மை கரைந்து நீலமாய்ப் பரவிய எண்ணுக்கு எதிரே பென்சிலால் ‘வழிந்துவிட்டது’ என்று ஒரே ஒரு சொல். மழைமானி நிரம்பி வழிந்திருக்கிறது. அப்படியானால் அங்கே எழுதியிருப்பது அன்று பெய்த மழை அல்ல. குறைந்தது அவ்வளவு பெய்தது என்பதற்கான சாட்சி. அந்தச் சொல்லை எழுதியவர் யாரென்று யாருக்கும் நினைவில்லை. அவருக்கு என் தனி வணக்கம்.

ஓர் அலுவலகத்தில், ஈரத்தில் ஒட்டிப்போன பதிவேடுகளை எடைக்குப் போட்டாயிற்று என்று அலட்டாமல் பதில் சொன்னார்கள். பெயரைச் சொல்லப் போவதில்லை. அவற்றின் கைப்படிகளைத் தம் தந்தையார் நினைவாக டிரங்குப் பெட்டியில் காப்பாற்றி வைத்திருந்த அம்மாவுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும்: உங்கள் பெட்டி திறக்காமல் இருந்திருந்தால் என் ஆய்வில் பெரிய ஓட்டை விழுந்திருக்கும்.

வட்டவடை அக்காவுக்கு வருகிறேன். வெப்பநிலை அளக்கும் வெள்ளை மரப்பெட்டியைத் தரையிலிருந்து நான்கடி உயரத்தில், காற்று உலவும் வெட்டவெளியில் வைக்க வேண்டும் என்பது விதி. ஒரு பெட்டியின் பக்கத்தில் கிராண்டிஸ் என்னும் யூகலிப்டஸ் வகை மரங்கள் நின்றிருந்தன என்றும், தன் மூத்த மகள் பள்ளியில் சேர்ந்த ஆண்டில் நட்டவை, அவள் கல்யாணத்துக்கு முன்னால் வெட்டியவை என்றும் பூண்டு உரித்துக்கொண்டே அவர் சொன்னார். பதிவைப் புரட்டினால், மரங்கள் வளர வளரப் பகல் வெப்பம் இறங்கியிருக்கிறது. வெட்டிய ஆண்டில் சட்டென்று ஏறியிருக்கிறது. வானம் மாறவில்லை, நிழல் வந்து போயிருக்கிறது. இப்படிப்பட்டவற்றைக் களைந்த பிறகுதான் புவி வெப்பமாதல் பற்றி வாய் திறக்கும் தகுதி ஒரு பதிவுக்கு வருகிறது. அக்காவின் நினைவுக்கு நிகரான கருவியை நான் எந்த ஆய்வகத்திலும் பார்த்ததில்லை.

மறையூர்க் கரும்பு விவசாயிகளுக்கு என் நன்றியோடு ஒரு விளக்கமும் கடன்பட்டிருக்கிறேன். “மூணாறு நனைந்தால் எங்களுக்கு என்ன?” என்று வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் என்னை மடக்கினீர்கள். நியாயமான கேள்வி. தென்மேற்குப் பருவக்காற்று ஆனைமுடிச் சிகரத்துக்கு மேற்கே சுமையை இறக்கிவிட்டு வெறுங்கையோடு உங்கள் பக்கம் வருகிறது. உங்களுக்கும் சின்னாற்றுக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. நாடு முழுவதற்கும் 1901 முதல் நாள்வாரியாக வானிலைத் துறை நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்துத் தொகுத்திருக்கும் மழைப் பதிவில் ஒரு கட்டம் கால் பாகை, அதாவது பக்கத்துக்கு ஏறக்குறைய 27 கிலோமீட்டர். கொட்டும் மலையும் காயும் சரிவும் ஒரே சராசரிக்குள் கரைந்துபோக அந்த அகலம் போதும். நாட்டளவில் அது அருமையான பதிவு. உங்கள் கரும்புக் காட்டுக்கு உங்கள் களத்து மழைமானிதான் வேண்டும்.

1924 ஜூலை வெள்ளத்தை, கொல்லம் ஆண்டு 1099 என்பதால், தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்றே இன்றும் சொல்கிறீர்கள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதை அதில் அடித்துப் போனது, திரும்பப் போடவே இல்லை. தாத்தா பாட்டி சொன்ன கதைகளை அட்டவணையில் ஏற்ற முடியாது. ஆனால் எந்தப் பக்கங்களை முதலில் தேட வேண்டும் என்று அவை காட்டின.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களின் மேல் மலை சரிந்து 70 பேரைக் கொண்டுபோனது. அந்த வாரத்து எண்களைக் கேட்க எனக்கு நா எழவில்லை. அங்கே உறவுகளை இழந்த அண்ணன் ஒருவர் தாமாகவே எடுத்துக் கொடுத்தார். வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும்; பெய்யும்போது மொத்தமாகக் கொட்டும் வாய்ப்பும் அதனால் கூடுகிறது. ஒரு சரிவு எவ்வளவு நீரைக் குடித்திருக்கிறது என்பதை அந்தச் சரிவில் நிற்கும் மழைமானிதான் சொல்லும். திருவனந்தபுரத்தில் இருந்து ஊகிக்க முடியாது. ஆய்வின் பரிந்துரைகளில் இதைத்தான் முதலாவதாக வைத்திருக்கிறேன்.

மலையாள ஏடுகளைப் படித்துக் காட்டிய ஆசிரியருக்கும், மழையில் நனையாமல் பதிவேடுகளை இருக்கைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்த ஜீப் ஓட்டுநர் தம்பிக்கும் நன்றி.

தொகுத்த பதிவின் அச்சுப்படிகளை மூணாறிலும் மறையூரிலும் உள்ள வாசகசாலைகளில் கொடுத்திருக்கிறேன். பிழை கண்டால் பக்கத்து ஓரத்திலேயே எழுதிவிடுங்கள். பரணில் பழைய மழை ஏடு ஏதாவது கிடந்தால், கரையான் அரித்ததாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், சொல்லி அனுப்புங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.